தொண்டைமானின் வேலும் ஆயாவின் அருவாமனையும்

தென்னேரியில் எங்கள் ஆயா வீட்டுப் புழக்கடையில் கிணற்றை ஒட்டி ஒரு கருங்கல் படி இருந்தது. அதன் வலது ஓரம் மட்டும் உள்வாங்கியிருக்கும். துணி துவைத்துத் தேய்ந்த கல் அகலமாக, வழவழப்பாக ஆகிவிடும், பார்த்தாலே தெரியும். இது அப்படியில்லை. ஓர் உள்ளங்கை நீளத்துக்குக் குறுகலான ஒரு பள்ளம், ஓடம் மாதிரி. ஆயா கத்தி தீட்டின இடம். அவளுக்கு முன்னால் அவள் மாமியார் தீட்டியிருக்க வேண்டும். ஒரு ஆளின் ஆயுளில் கருங்கல் அவ்வளவு தேயாது.

ஆயா என்றால் அம்மாவின் அம்மா. தறி இருந்த வீடு. விடியற்காலையில் எழுந்து ராட்டையில் ஊடைக்குத் தார் சுற்றுவாள், பிறகு சமையல், பிறகு மறுபடியும் தார். நெய்து முடிந்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுப்பது தாத்தாவின் வேலை. அதற்கென்று மரப்பிடி போட்ட ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார். அந்தக் கத்தியையும் ஆயாதான் தீட்டித் தருவாள். சேலை தாத்தாவின் பெயரில் போகும், கூலி தாத்தாவின் பெயரில் வரும். கத்தியின் கூர் யார் பெயரிலும் எழுதப்பட்டதில்லை.

நான் தமிழ் படித்தவள், இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். வருடா வருடம் புறநானூற்றின் 95ஆவது பாட்டை வகுப்பில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தப் படி கண்முன்னால் வந்து நிற்கும். இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம்.

பாட்டின் சங்கதி மாணவிகளுக்குத் தெரிந்ததுதான். அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: இங்கே இருக்கிற ஆயுதங்களுக்கு மயில்பீலி சூட்டியிருக்கிறீர்கள், மாலை போட்டிருக்கிறீர்கள், காம்பைத் திருத்தி நெய் பூசிக் காவல் உள்ள பெரிய மனையில் வைத்திருக்கிறீர்கள். எங்கள் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய சின்னக் கொட்டகையிலேயே எப்போதும் கிடக்கின்றன. திணை பாடாண், துறை வாண்மங்கலம். வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டு என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

பாட்டின் கொளு தொண்டைமான் என்று மட்டும் சொல்கிறது. ஆனால் தென்னேரிக்காரர்களுக்குத் தொண்டைமான் அந்நியன் இல்லை. வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில் உள்ள ஊர் அது; ஊரைவிட ஏரி பெரிது. திரையன் ஏரிதான் தென்னேரி ஆயிற்று, அந்தத் திரையன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் என்பது ஊரில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும் கதை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை அவனைப் பாடியது. ஆக, நெய் பூசிய வேல்களின் பக்கத்து ஊர்க்காரி நான். ஔவையாரின் கேலி கொஞ்சம் எங்கள் ஊர்மீதும் விழுந்திருக்கிறது.

இந்தப் பாட்டை இவ்வளவு காலம் மெச்சியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பெண், அரசனுக்கு எதிரில் நின்று, அவனுடைய ஆயுதங்களை ஒரே பார்வையில் எடைபோடுகிறாள். வேலை செய்த இரும்புக்கும் வேலை செய்யாத இரும்புக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உரைகாரர்கள் இதை அரசியல் சாதுரியம் என்று விளக்கி நிறுத்திக்கொள்கிறார்கள். இரும்பைப் பார்த்து அது உழைத்ததா சும்மா இருந்ததா என்று சொல்ல முடிகிற கண் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அரண்மனைக் கொட்டிலை அவள் அன்றுதான் பார்த்தாள். கொல்லன் கொட்டகையின் அளவு அவளுக்கு முன்பே தெரியும், சின்னது என்கிறாள். தேய்ந்த அருவாமனையைத் தினமும் பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கண் உண்டு என்பது என் கட்சி. ஆயாவின் அருவாமனை அலகு, வாங்கும்போது நாலு விரல் அகலம் இருந்திருக்கும். நான் பார்த்தபோது ஒன்றரை விரலாகிப் பிறை போல வளைந்திருந்தது. காட்சிக்கு வைத்தால் பார்க்கச் சகிக்காது. ஆனால் தக்காளித் தோலில் வைத்த மாத்திரத்தில் இறங்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஔவையாருடன் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

நெய் பூசுவதை அவர் சோம்பேறித்தனத்தின் அடையாளமாக்கிவிட்டார். பூசியிருக்கிறது, ஆகவே பயன்படவில்லை. சமையலறையில் இந்தக் கணக்கு செல்லாது. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஆயா அருவாமனைக்கு விளக்கெண்ணெய் தடவுவாள், கத்திகளுக்கும் தடவுவாள். மறுநாள் காலையில் அதைத் துடைத்துவிட்டு அதே அலகில் காய் அரிவாள். இரும்பு துருப்பிடிக்கும், பிடித்தால் வாய் போய்விடும், அதனால் எண்ணெய். எண்ணெய் தடவுகிற கையும் அரிகிற கையும் ஒரே கைதான். பராமரிப்பு ஒரு பக்கம், உழைப்பு ஒரு பக்கம் என்று இரண்டு அரண்மனையில் வைக்க இங்கே வழியில்லை.

இன்னொன்று. தொண்டைமானின் வேல்களுக்கு நெய் பூசியவன் தொண்டைமான் இல்லை. அதியமானின் வேல்களைக் காய்ச்சி அடித்தவன் அதியமான் இல்லை. இரண்டு பக்கத்திலும் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். ஒருவருடைய வேலை இகழ்ச்சிக்கு ஆதாரமாகிறது, இன்னொருவருடையது புகழ்ச்சிக்கு ஆதாரமாகிறது. கொல்லனின் கொட்டகை பாட்டில் இருக்கிறது. கொல்லன் அதற்குள் ஒரு சொல்லாக ஒட்டிக்கொண்டிருக்கிறான், ஆளாக இல்லை. ஆயுதத்தை வைத்திருப்பவனுக்குத்தான் பாட்டு. கூர் வைப்பவர்களுக்குப் பாட்டில்லை என்பதை ஒரு பெண் புலவரின் பாட்டிலேயே பார்க்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பொன்முடியார் கொல்லனுக்கு ஓர் இடம் கொடுத்தார். புறநானூறு 312: பெற்று வளர்த்து வெளியே அனுப்புவது தாயின் கடமை, சான்றோனாக்குவது தந்தையின் கடமை, வேல் செய்து கொடுப்பது கொல்லனின் கடமை என்று அடுக்கிக்கொண்டே போய், யானையைக் கொன்று திரும்புவது மகனின் கடமை என்று முடியும் பாட்டு. மேடைகளில் நிறைய அடிபட்ட பாட்டு. கடமைகளின் அந்தப் பட்டியலில் அன்றாடம் சோறு ஆக்குவது யாருடைய கடமையும் இல்லை. யானையைக் கொல்லப் போனவன் என்ன தின்றுவிட்டுப் போனான் என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு. சிரிப்பார்கள். பிறகு எழுதிக்கொள்ளலாமா மேடம், தேர்வுக்கு வருமா என்பார்கள்.

சங்கப் பாட்டில் பெண் கையில் வாளே இல்லை என்று சொல்ல முடியாது. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாட்டில் (புறம் 278) ஒரு கிழவி வாளை எடுத்துக்கொண்டு போர்க்களத்துக்குப் போகிறாள். மகன் புறமுதுகு காட்டி ஓடிவிட்டான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது உண்மையானால் அவனுக்குப் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று சபதம். அதே வாளால் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். பெண்ணின் கைக்கு வாள் வந்ததும் அது எங்கே திரும்புகிறது பாருங்கள். மற்ற இடங்களிலெல்லாம் கூர்மை பெண்ணுக்கு உவமையாகத்தான் வருகிறது. கண் வேல், பார்வை வாள், நெற்றியில் வாளின் ஒளி. உடம்பு முழுக்க ஆயுதம் வைத்துப் பாடிவிட்டார்கள். கையில் உள்ள ஒன்றை மட்டும் பாடவில்லை.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல சாட்சி நற்றிணை 120. பாடியவர் மாங்குடி கிழார். கோபமாக இருக்கிற மனைவி அடுக்களையில் வேலை செய்கிறாள்; வேறொருத்தியிடம் போய்வந்த கணவன் வெளியே நின்று பார்க்கிறான். அவள் நறுக்குகிறாள். வாழையா வாளை மீனா என்பதில் பாடவேறுபாடு உண்டு. எதுவானாலும் கைத்தேர்ச்சியோடு நறுக்குகிறாள். மோதிரம் போட்ட மெல்லிய விரல் சிவக்கிறது. புகையில் கண் கலங்குகிறது. நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொள்கிறாள். இந்த நேரத்தில் ஒரு விருந்தாளி வந்தால் தேவலை, அவருக்காகவாவது இவள் கோபத்தை மறைத்துச் சிரிப்பாளே என்று அவன் ஏங்குகிறான்.

அழகான பாட்டு, மறுக்கவில்லை. அடுக்களைக்குள் நுழைந்து பார்த்த பாட்டு என்பதால் எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் அவன் விரலைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், வியர்வையைப் பார்த்தான். எதைக் கொண்டு நறுக்குகிறாள் என்று பார்க்கவில்லை. நறுக்கிய பொருள் பாட்டில் இருக்கிறது, நறுக்கிய அலகு இல்லை. விரல் ஏன் சிவந்தது? மென்மையான விரல், அதனால் சிவந்தது என்று படிக்கப் பழகியிருக்கிறோம். என் அம்மா இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் சொன்னாள்: “கத்தி மொண்ணையா இருந்திருக்கும்.”

அம்மாவுக்கு அதைச் சொல்ல எல்லா உரிமையும் உண்டு. தென்னேரியிலிருந்து கல்யாணமாகிப் போன வீட்டில் பெண் கத்தி தீட்டக் கூடாது. தீட்டுகிற சத்தம் வீட்டுக்கு ஆகாதாம், சண்டை வருமாம். இரும்பில் இரும்போ கல்லோ உரசுகிற சத்தம் பெண் கையிலிருந்து எழுந்தால்தான் ஆகாது. சாணை பிடிக்கிற ஆள் வாசலில் நின்று அதே சத்தத்தை எழுப்பினால் தோஷமில்லை. அந்த ஆள் ஆடிக்கு ஒரு தரம், பொங்கலுக்கு முன்னால் ஒரு தரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பொறி பறக்க வைப்பார். நாங்கள் வேடிக்கை பார்ப்போம். அந்தப் பொறி இரும்புதான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வேகமாகச் சுற்றுகிற உலர்ந்த கல்லில் அலகு சூடேறும். நுனி நீலம் பாரித்தால் கொல்லன் வைத்த பதம் போய்விட்டது என்று அர்த்தம். கூர் நாலு நாள் நிற்கும், பிறகு மடங்கிக்கொள்ளும். அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு தெருவில் கிடைக்கிற காசுக்கு ஒரு கத்திக்கு எத்தனை நிமிஷம் கொடுக்க முடியும்? ஆனால் வருடத்துக்கு இரண்டு தரம் என்பது சமையலறைக்குப் போதாது. மிச்ச நாளெல்லாம் அம்மா மொண்ணைக் கத்தியை அழுத்தி அழுத்தி நறுக்கினாள். இருபது வருஷத்துக்குப் பிறகு வலது கட்டைவிரலின் அடி வீங்கிக்கொண்டது, சாவி திருப்பினால் வலிக்கும். இடது ஆள்காட்டி விரலில் மூன்று தழும்புகள், மூன்றும் சேனைக்கிழங்கு.

கூரான கத்தி கையை வெட்டும், மொண்ணைக் கத்தி பத்திரம் என்று வீடுகளில் நம்புகிறார்கள். நடைமுறையில் தலைகீழ். கூர் இருந்தால் கத்தியின் எடையே பாதி வேலையைச் செய்யும். கூர் இல்லாவிட்டால் கை அழுத்த வேண்டும். அழுத்தின கத்தி வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வெங்காயத்தை அது வெட்டுவதைவிட நசுக்குவதே அதிகம், அதனால் கண்ணெரிச்சலும் கூடும். நற்றிணைப் பெண்ணின் கண் கலங்கியதற்குப் புகையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, ஆயா எப்படித் தீட்டினாள்? இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் செய்முறை என்று ஒன்று இருந்ததாகவே வீட்டில் யாருக்கும் நினைப்பில்லை. படியில் தண்ணீர் தெளிப்பாள். கத்தியைப் படுக்கவைத்து, முதுகுப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்குவாள். எவ்வளவு தூக்கம் என்றால், முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி பாதி நுழைகிற அளவு. அந்தச் சாய்வு கடைசிவரை மாறக் கூடாது. இந்த வித்தையே அதில்தான் இருக்கிறது. அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு, ஒரு பக்கமாகவே பத்துப் பதினைந்து தரம். பிறகு கட்டைவிரலை வாயின் குறுக்கே, நெடுக்கே இல்லை, குறுக்கே மெல்ல இழுத்துப் பார்ப்பாள். மறுபக்கம் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்பு. இரண்டு பக்கமும் ஆன பிறகு அழுத்தம் குறைத்து மாற்றி மாற்றி ஓரிரண்டு இழுப்பு. கடைசியாகப் பழைய பலகையில் உலர்வாகத் தடவிப் பிசிறை உதிர்ப்பாள். அருவாமனைக்கு முறை வேறு. கத்தி கல்லின்மேல் போகும். அருவாமனைக்குக் கல் அலகின்மேல் வரும். காலால் மனையை மிதித்துக்கொண்டு, உடைந்த அம்மிக்குழவித் துண்டை நனைத்துக் கையில் பிடித்து அலகில் தேய்ப்பாள். அலகு அவளைப் பார்த்தபடி நிற்கும். அரியும்போதும் அப்படித்தான்: அருவாமனையின் கூர் எப்போதும் உட்கார்ந்திருப்பவளை நோக்கியே இருக்கிறது. வங்காளத்தில் இதன் பெயர் போன்ட்டி. அதைப் பற்றிச் சித்ரிதா பானர்ஜி 2001இல் ஒரு நல்ல கட்டுரை எழுதினார். மராத்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்குப் பெயர் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து சமைத்த பெண்களின் தேசம் என்று ஒரு வரைபடம் போட்டால் இந்த அலகை வைத்தே எல்லை கீறலாம்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்டுவேர் கடையில் இப்போது கிடைக்கிற இருபுறக் கல் கார்போரண்டம். 1890களில் அமெரிக்காவில் உலையில் செய்யக் கற்றுக்கொண்ட பொருள். அதற்கு முன்னால் சாணைக்கல் என்பது குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துச் செய்தது. ஆங்கிலத்தில் கொரண்டம் என்று வழங்குவது நம்முடைய குருந்தம்தான். தமிழிலிருந்து போன சொல். கொடுமணல் அகழாய்வில் குருந்தக்கல்லும் கிடைத்தது, இரும்பும் உருக்கும் செய்த தடயமும் கிடைத்தது. தமிழர் உலகத்துக்குக் கொடுத்த சொற்கள் என்று மேடையில் அடுக்குகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும். அதோடு, கத்தியை விட்டுப் புத்தியைத் தீட்டச் சொல்லித் தம்பிகளுக்கு அறிவுரை வழங்கும்போது, தம்பி வீட்டில் கத்தியைத் தீட்டுவது யார் என்றும் ஒருமுறை விசாரிக்கட்டும்.

தீட்டு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியைத் தீட்டலாம், மை தீட்டலாம், ஓவியம் தீட்டலாம், கத்தியைத் தீட்டலாம். இவை ஒரு சொல், தேய்ப்பது, பூசுவது. பெண்ணை மூன்று நாள் ஒதுக்கிவைக்கிற தீட்டு வேறு சொல்; அது தீண்டுவதிலிருந்து வந்தது. இலக்கணம் இரண்டையும் பிரித்துவிடும், வீடு பிரிப்பதில்லை. தீட்டு நாளில் அருவாமனையைத் தொடாதே, அதில் போட்ட ஊறுகாய் கெட்டுவிடும். வயதுக்கு வந்து குடிசையில் இருக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் இரும்புத் துண்டு வை, காத்துக் கருப்பு அண்டாது. ஒரே இரும்பு, ஒரே பெண், ஒரே வாரம்.

அறு என்பது இன்னும் மோசம். சமையலறையில் அரிவோம், நறுக்குவோம். வைணவ வீடுகளில் காயைத் திருத்துவார்கள், ஏதோ காய் தப்பு செய்துவிட்டது போல. அறுப்பது என்று சொல்லத் தயங்குவோம். ஏனென்றால் அறுத்தவள் என்றால் தாலி அறுத்தவள். தாத்தா போன பிறகும் ஆயா படியில் உட்கார்ந்து தீட்டிக்கொண்டுதான் இருந்தாள். தெருவில் ஒருத்தி சொன்னாளாம், “அறுத்தவ கையில கத்தியப் பாரு.” ஆயா தலையைத் தூக்காமல் பதில் சொன்னதாக அம்மா சொல்வாள்: “அறுத்தவளுக்கும் பசிக்குது இல்ல?”

ஆயுத பூஜை அன்று தொண்டைமானின் கொட்டில் ஒவ்வொரு வீட்டிலும் திறக்கிறது. தறிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, அருவாமனைக்கும் பொட்டு. அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு, எதையும் தொட்டு வேலை செய்யக் கூடாது. தறி நின்றுவிடும், தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். சுண்டல், வடை, பாயசம், கூட்டு, பொரியல்? காயை முந்தின நாள் ராத்திரியே நறுக்கிவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அருவாமனைக்குக் கிடைத்த விடுமுறை அதன்மேல் உட்கார்ந்திருந்தவளுக்குக் கிடைக்கவில்லை. ஔவையார் அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் பொட்டு வைத்த அருவாமனையைப் பார்த்துத் தப்புக் கணக்குப் போட்டிருப்பார்.

நவீன இலக்கியம் சமையலறையைக் கண்டுகொண்டது. 1988இல் வந்த அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ இல்லாமல் நாம் யாரும் இதைப் பேசத் தொடங்கியிருக்க மாட்டோம். சமையலறையைப் பெரிதாக்கலாமே என்று மருமகள் சொல்லும் யோசனை அந்த வீட்டு ஆண்களிடம் எப்படிக் காணாமல் போகிறது என்று அதில் படிக்கும்போது இன்றும் பல்லைக் கடிக்கிறோம். 2021இல் ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளத்தில் வந்தது, 2023இல் தமிழில் மறுபடி எடுத்தார்கள். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்ய ஆள் கூட்டிவரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகிறாள் அந்தப் பெண். படம் முழுக்க நறுக்குகிற சத்தம். என் சின்ன ஆட்சேபம் என்னவென்றால், நறுக்குவதை அவ்வளவு அருகில் காட்டிய படத்துக்குக் கத்தியைப் பற்றிக் கவலை இல்லை. அது எப்போதும் கூராகவே இருக்கிறது. பெண்ணின் உழைப்பை உழைப்பாக மட்டும் பார்த்தால் அவளுடைய வித்தை தப்பிப்போகிறது. அவள் களைப்பைப் பாடினோம், சலிப்பைப் பாடினோம், சரி. கருவியின் குணம் தெரிந்து அதைத் தன் கைக்கு ஏற்ப வைத்துக்கொண்ட அறிவை எங்கே பாடினோம்? ஆண் செய்தால் அதற்குப் பட்டறை என்று பெயர் உண்டு.

இந்த இடத்தில் என் கட்சியை முடித்துக்கொண்டு எல்லாப் பெண்களும் கல்லை எடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் வகுப்பில் நடந்தது அதற்கு இடம் கொடுக்கவில்லை.

95ஆம் பாட்டு முடிந்து, உங்கள் வீட்டில் கத்தியை யார் தீட்டுகிறார்கள் என்று கேட்டேன். மழுங்கினால் புதுசு வாங்கிவிடுவோம் என்றார்கள் சிலர். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அடிவிளிம்பில் அம்மா உரசுவாள் என்றாள் ஒருத்தி. அது நல்ல முறைதான், மெருகு ஏறாத அந்த விளிம்பு கல்லைப் போலவே வேலை செய்யும். அப்பா என்று ஒரே ஒருத்தி சொன்னாள், அவர் கறிக்கடை வைத்திருப்பவர். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எதுவும் சொல்லவில்லை. மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எங்க வீட்ல கத்தி கூரா வெச்சுக்க மாட்டோம் மேடம். அப்பா குடிப்பார்.”

கூரான கத்தி ஒன்று இருந்ததாம், அவள் எட்டாவது படிக்கும்போது. ஒரு ராத்திரிக்குப் பிறகு அம்மா அதை ஏரியில் கொண்டுபோய் எறிந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் இருப்பது ஒரு சின்னக் கத்தி. அதையும் வாசற்படிக் கல்லில் வேண்டுமென்றே குறுக்கே தேய்த்து வாயை மழுக்கி வைத்திருக்கிறார். அருவாமனை கிடையாது.

குறுக்கே தேய்ப்பது. சாய்வு பார்த்து, பிசிறு பார்த்து, பதமாகத் தீட்டத் தெரிந்த ஒருத்தியால்தான் அவ்வளவு சரியாக மழுக்கவும் முடியும். என் ஆயாவுக்கு இருந்த அதே கை. தொண்டைமானின் கொட்டிலில் இல்லாத, அதியமானின் கொல்லன் கொட்டகையிலும் இல்லாத மூன்றாவது வகை ஆயுதம் அது. பயன்பட்டுத் தேய்ந்ததில்லை, பயன்படாமல் மின்னுவதுமில்லை. பயன்படக் கூடாது என்று தேய்க்கப்பட்டது. ஔவையாரிடம் அதற்குச் சொல் இல்லை. என்னிடமும் அன்றைக்கு இல்லை. அடிக்கிற ஆண்மேல் புகார் கொடுக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்று சொன்னேன். தெரியும் என்றாள். அம்மா போக மாட்டார் என்றாள்.

அப்போ காய் எப்படி நறுக்குறீங்க என்று கேட்டேன், வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல்.

“கீரைன்னா கிள்ளிடுவோம். வெண்டைக்காய ஒடிச்சிடலாம். வெங்காயம் அம்மியில நசுக்கிக்குவோம். பூசணிக்காய், சேனை மாதிரி வந்தா பக்கத்து வீட்டு அத்தைகிட்ட போவோம். அவங்க அருவாமனை நல்லா இருக்கும் மேடம். எங்களுக்காகவே தீட்டி வெச்சிருப்பாங்க.”